நடு மைதானத்தில் நான்கு லயங்கள்

ஓய்வு பெற்ற பிறகும் நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து அவ்வப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். பழைய வரைபடங்களில் உள்ள கையெழுத்தைப் படிக்க அங்கே ஆள் இல்லை. அதில் பாதி என் கையெழுத்து. எனக்கே சில இடங்களில் புரியாது என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

போன மாதம் போயிருந்தபோது அங்கே ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. கோலாலம்பூர் நாலாபக்கமும் பரவிக்கொண்டே போகிறது, தோட்டங்களை எல்லாம் வீட்டு மனையாக்கினால் சாலை போட்டே மாளாது, ஆகவே நகரத்தின் நடுவில் நெருக்கிக் கட்ட வேண்டும் என்று ஒரு கட்சி. நெருக்கினால் ஜனங்கள் மூச்சு முட்டிப் போவார்கள் என்று இன்னொரு கட்சி. ஓர் ஏக்கருக்கு எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. நிர்மலா என்ற இளம் அதிகாரி என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க போட்டதிலேயே ரொம்ப நெருக்கமான பிளான் எது? சௌக்கிட் பக்கமா?"

"ஈஜோக் பக்கம். ஒரு ரப்பர் தோட்டம்."

"எஸ்டேட்டா? அங்க எடத்துக்கு என்ன பஞ்சம் லா சார்?"

"எடத்துக்குப் பஞ்சமில்ல. கம்பிக்குத்தான் பஞ்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எழுதிக் கொடுங்கள் சார் என்று நிர்மலா கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், எல்லா நோய்க்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதும் அவர் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் படம் நன்றாக வரைவேன் என்று எங்கள் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு கோல சிலாங்கூர் போனேன். ஆற்றை ஒட்டிய ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் எங்கள் வரைபட அறை இருந்தது. முதல் வருடம் நிலம் அளக்கும் சங்கிலி இழுத்தேன். இரண்டாம் வருடம் பென்சில் சீவினேன். மூன்றாம் வருடம் எழுத்து மட்டும் எழுத விட்டார்கள். நாலாம் வருடம் எமர்ஜென்சி வந்தது. அவசர காலம் என்பதால் என்னை வரைய விட்டார்கள். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

தலைமை வரைபடக்காரர் கனகசபை. யாழ்ப்பாணத்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. ஆற்றங்கரை வெயிலில் நாங்கள் எல்லாம் உருகிக்கொண்டிருக்கும்போது அவர் டையைத் தளர்த்தி நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். யார் மேலும் கோபப்பட மாட்டார். ஒரு பிளானைக் கொண்டுபோய் வைத்தால் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிழை இருந்தால் மேசையில் விரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்துப் பிழையின் மேல் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். அவருக்குச் சுருட்டு, சிகரெட் பழக்கம் கிடையாது. தீப்பெட்டி வாங்குவது இதற்காகத்தான்.

எமர்ஜென்சி என்றால் என்ன என்று நிர்மலாவின் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காட்டில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்கு அரிசியும் சேதியும் போகாமல் இருக்க, காட்டோரத்தில் சிதறிக் கிடக்கும் ஜனங்களை ஓரிடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி போட்டு, வாசலில் காவல் வைப்பது என்று அரசாங்கம் முடிவு செய்தது. செகிஞ்சான் பக்கமெல்லாம் சீனர்களுக்குப் புதுக் கிராமங்கள் போட்டார்கள். தோட்டங்களில் தமிழர்களுக்கு லயங்களைச் சேர்த்துக் கட்டினார்கள். லயம் என்றால் பத்துப் பன்னிரண்டு அறைகள் வரிசையாக ஒட்டிய ஒரு நீண்ட வீடு. அறைக்கு ஒரு குடும்பம்.

எனக்குக் கிடைத்த தோட்டத்துக்கு இங்கிலீஷில் ஏதோ ஒரு பெயர். நம் ஆட்கள் அதை மூங்கில் தோட்டம் என்பார்கள். மூன்று டிவிஷன். ஒவ்வொன்றும் இரண்டு மைல் இடைவெளியில் இருந்தது. முதலில் இரண்டு டிவிஷன்களை ஃபேக்டரிக்குப் பக்கத்தில் ஒரே வேலிக்குள் கொண்டுவர வேண்டும். இந்த வேலைக்கென்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அவர் வாயைத் திறந்தால் கம்பியைப் பற்றித்தான் பேசுவார், ஆகவே ஜனங்கள் அவரைக் கம்பி துரை என்றார்கள். லோரியில் வந்து இறங்கிய கம்பிச் சுருள்களைக் காட்டி, "இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் ஊரை அடக்கு" என்றார். ஆயிரக்கணக்கான ஏக்கர் ரப்பர் மரத்துக்கு நடுவே, கம்பியின் நீளத்துக்குத் தக்கபடி ஓர் ஊர். இப்படித்தான் நான் நெருக்கம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டேன்.

லயத்துக்கும் லயத்துக்கும் இடையில் முப்பது அடி விட்டேன். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குத் தாவக்கூடாது. நடுவில் இருநூறு அடிக்கு இருநூறு அடி ஒரு மைதானம். அதில் கிணறு. ஒரு பக்கத்தில் மாரியம்மன் கோவிலுக்கு இடம். லயங்களின் முனைகளுக்கு இடையில் நடைபாதை எட்டு அடி. தீக்குச்சி விழவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

குச்சி அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அன்று ஒரு பெண் வந்து நின்று பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் அஞ்சலை. மூன்றாம் டிவிஷன் ஆள், பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். மூன்று டிவிஷனுக்கும் அவள்தான் பிள்ளைப்பேறு பார்ப்பாள். ஒரு பிரசவத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"கிராணி ஐயா, இது என்னா, பாதையா?" என்றாள். தோட்டத்தில் பேனா பிடித்த எவனும் கிராணிதான்.

"ஆமாக்கா. எட்டடி."

"காண் ரெண்டு பக்கமும் போவுதே, அதக் கழிச்சா?"

காண் என்றால் சாக்கடை. அதைக் கழித்தால் ஐந்தடிகூட இல்லை.

"புள்ள குறுக்க மாட்டிக்கிட்டா பொம்பளையப் பலகையில போட்டு லோரிக்குத் தூக்கிட்டு ஓடணும். இந்த முக்குல பலகை திரும்புமா?"

திரும்பும் என்றேன்.  பிரித்துப் போட்டிருந்த பழைய லயத்துக் கதவுப் பலகை ஒன்று அங்கே கிடந்தது. அதைக் காட்டி, "படுங்க" என்றாள்.

அரசாங்க ஊழியன் நான். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். படுத்தேன். பால்மரம் வெட்டும் பெண்கள் நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு என் கயிறுகளுக்கு நடுவே நடந்தார்கள். முக்கில் திரும்பும்போது முன்னால் போன இரண்டு பேரும் காணுக்குள் இறங்கினார்கள். பலகை சாய்ந்தது. நானும் காணுக்குள் இறங்கினேன்.

அந்த நேரம் பார்த்துக் கம்பி துரை ஜீப்பில் வந்தார். யாருக்கு அடி பட்டது என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை, ஸ்ட்ரெச்சர் திரும்புகிறதா என்று சோதித்தோம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சண்டை நடந்தால் காயம்பட்ட காவலரைத் தூக்கிப் போக வேண்டுமே, இதை யாருமே யோசிக்கவில்லையே என்று என் தோளைத் தட்டினார். தோளில் சேறு. கையைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு அடி போடு என்றார். போட்டேன். பிளானில் 'ஸ்ட்ரெச்சர் பாதை' என்று இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி என்று போட்டிருந்தால் எட்டு அடியாகவே இருந்திருக்கும்.

இரண்டு டிவிஷன் ஆட்களும் வந்து குடியேறினார்கள். காலையில் வாசலில் சோதனை. வெட்டுக்குப் போகிறவர்கள் சோறு எடுத்துப் போகக் கூடாது, காட்டுக்குப் போய்விடுமாம். மாலையில் வாசல் மூடிவிடும்.

அடுத்து வந்ததுதான் நான் சொல்ல வேண்டிய விஷயம்.

மூன்றாம் டிவிஷன் சாலையில் காட்டிலிருந்து ஒரு லோரியைச் சுட்டார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் ஏழு நாளில் மூன்றாம் டிவிஷனையும் வேலிக்குள் கொண்டுவர உத்தரவு வந்தது. நாற்பது குடும்பம். கூடுதல் கம்பி கிடையாது. வந்த கம்பியெல்லாம் வேறு இடங்களுக்குப் போய்விட்டது. இருக்கிற வேலிக்குள் இன்னும் நாலு லயம் நிற்க வேண்டும்.

மறுநாள் மண்டோர் வேலாயுதம் என்னைத் தேடி வந்தார். முதல் டிவிஷனில் வேலையாட்களை மேய்ப்பவர். பெரிய மீசை. நல்ல மனிதர் என்று பெயர். குந்திக்கொண்டு வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்.

"அவங்க நல்லவங்கதான் ஐயா. நான் ஒன்னும் சொல்லல. ஆனா கெணறு ஒன்னுதான இருக்கு."

மூன்றாம் டிவிஷன்காரர்களை மற்ற இரண்டு டிவிஷனும் எந்தப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எல்லோரும் ஒரே கப்பலில், ஒரே மேல்தளத்தில் படுத்து வந்தவர்கள்தான். இறங்கியதும் சாதி மட்டும் தனியாக இறங்கி, தனி லயத்தில் குடியேறியது. இரண்டு மைல் தள்ளி இருந்தவரை யாருக்கும் தொந்தரவு இல்லை. பிள்ளை பிறக்கும்போது மட்டும் அஞ்சலை வர வேண்டும். பிறந்ததும் போய்விட வேண்டும்.

"அந்தக் கீழ மூலை காலியாத்தான கெடக்கு," என்றார் வேலாயுதம். "அவங்களுக்கும் ஒரு எடமாச்சி. நடுவுல முப்பது அடி விடறீங்களே, அத இன்னும் கொஞ்சம் விட்டுட்டா ஒரு தொல்லையும் இல்ல. இல்லாட்டி நாளைக்குப் பெரட்டுக்கு ஆள் வர மாட்டாங்க போல இருக்கு. நான் என்னா செய்ய?"

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆள் எண்ணும் இடம். ஆள் வராவிட்டால் மானேஜர் துரை கம்பி துரையைக் கேட்பார், கம்பி துரை என்னைக் கேட்பார். நான் வேலாயுதத்திடம் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து போனார். நான் பள்ளமான அந்தக் கீழ மூலையில் குச்சி அடித்தேன்.

அந்த மூலை சதுப்பு. நான் சில வாரங்களுக்கு முன்பே அங்கே லெவல் எடுத்திருந்தேன். பக்கத்து வடிகாலில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைவிட அந்த நிலம் ஆறு அங்குலம் தாழ்வு. ஃபீல்டு புக்கில் எழுதியிருந்தேன். பிளான் வரையும்போது அந்த எண்ணை மட்டும் எழுதவில்லை. நாலு லயத்தையும் அழகாக வரைந்தேன். எழுத்து சுத்தமாக இருந்தது. எழுதாமல் விடுவது பொய் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். கோயிலில் யார் எந்தப் பக்கம் முழங்கால் போடுவது என்று என் அப்பா காலம் வரை ஓர் ஒழுங்கு இருந்தது. அதனால் வேலாயுதம் பேசியது எனக்குப் புரியாத பாஷை இல்லை.

பிளானைக் கனகசபையின் மேசையில் வைத்தேன். அவர் சன்னலில் தூக்கிப் பார்க்கவில்லை. நேராக மேசையில் விரித்து, கீழ மூலையில் தீக்குச்சியை வைத்தார். தேத்தண்ணிக்குப் போகவில்லை. தொப்பியை எடுத்தார்.

"வாரும், போய்ப் பாப்பம்."

கனகசபை அறையை விட்டு வெளியே வேலைக்கு வந்து நான் பார்த்தது அன்றுதான் முதல் முறை. முன்னால் ஒரு போலீஸ் லோரி. நாங்கள் பின்னால்.  கனகசபை தோட்டத்தில் இறங்கி, நேராகக் கீழ மூலைக்கு நடந்து, மெருகு போட்ட கறுப்புச் சப்பாத்தோடு சதுப்புக்குள் இறங்கி நின்றார். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்தது.

"இவ்விடத்து லெவல் எங்கை காணும்?"

"எடுக்கல சார்."

"உம்மட ஃபீல்டு புக்கில கிடக்கு. நான் பாத்தனான். பிளானிலதான் கிடக்கேல்லை."

நான் கரையில் நின்றேன். அவர் தண்ணீரில் நின்றார். ஒருவர் தண்ணீரில் நிற்கும்போது இன்னொருவர் மேலே நின்று பேசுவது சரியில்லை என்று பட்டது. நானும் இறங்கினேன். சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது.

"எத்தினை குடும்பம்?"

"நாப்பது சார்."

"குழந்தையள் எத்தினை?"

தெரியாது என்றேன்.

"அதையும் எழுதிக்கொண்டு வாரும்." அவ்வளவுதான் பேசினார். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பேன். அவர் கேட்காததால் இன்றுவரை என்னிடம் காரணம் இல்லை.

வேலிக்குள் காலி இடம் இரண்டுதான். ஒன்று அந்தச் சதுப்பு. இன்னொன்று நடு மைதானம். கோவிலுக்கு ஓர் ஓரத்தை விட்டுவிட்டு, கிணற்றைச் சுற்றி நாலு பக்கமும் நாலு லயம், வாசல் எல்லாம் கிணற்றைப் பார்க்க, முதுகுப் பக்கம் முப்பது அடி விட்டு வரைந்தேன். ஓரத்தில் போடவேண்டும் என்று எல்லோரும் நினைத்தவர்கள் ஊரின் நடுவுக்கு வந்தார்கள். வேறு வழி இல்லை. கம்பி அப்படி.

பெரட்டுக் களத்தில் கூட்டம் போட்டார்கள். கனகசபை பிளானை ஒரு பலகையில் குத்தி வைத்தார். வேலாயுதம் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"இது முறையில்லீங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு எல்ல வேணும். பிளான்ல அதப் போட்டுக் குடுங்க."

கனகசபை ஓரத்தில் இருந்த குறிகளின் பட்டியலைப் பென்சிலால் காட்டினார். "கிணத்துக்கு வட்டம். கோவிலுக்கு முக்கோணம். வடிகாலுக்கு இரட்டைக் கோடு. நீர் கேக்கிறதுக்கு என்ன குறி போடுறது? சொல்லும், போட்டுத் தாறன். பேரையும் பக்கத்தில எழுத வேணும். நீரே சொல்லும், நான் எழுதிறன்."

வேலாயுதம் சொல்லவில்லை. இரண்டு டிவிஷனும் கேட்டுக்கொண்டிருக்க, பின்னால் மூன்றாம் டிவிஷன் ஆட்களும் நின்றுகொண்டிருக்க, அதைப் பெயர் சொல்லி எழுதச் சொல்ல அவரால் முடியவில்லை. வாயால் சொல்வது வேறு. பிளானில் ஏறினால் பிரிண்டு போட்டு நாலு ஆபீசுக்குப் போகும்.

கம்பி துரைக்குத் தமிழ் தெரியாது. என்ன தகராறு என்று கேட்டார். குறிகளைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறார்கள் என்றார் கனகசபை. ஜனங்கள் இவ்வளவு ஈடுபாட்டோடு இருப்பது நல்லது என்றார் துரை. மானேஜர் துரை, ஏதாவது மரம் வெட்ட வேண்டுமா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் டிவிஷன் லயங்களைப் பிரித்து, பலகையும் தகரமும் சட்டி பானையும் லோரியில் வந்து இறங்கின. இறக்கி வைக்க யாரும் முன்வரவில்லை. அவரவர் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களும் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு நாள் முழுக்க ஆணி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் பெரட்டுக்கு ஆள் வந்தார்கள். கிணற்றில் மட்டும் இரண்டு வரிசை நின்றது. இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி. ஒரு வரிசை முடிந்த பிறகுதான் இன்னொரு வரிசை கிணற்றுக்கு வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லைக் குச்சிகளைச் சரிபார்க்க நான் போவேன். அதனால் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒருமுறை போனபோது இரண்டு வரிசை. அடுத்த முறையும் இரண்டு. இன்னொரு முறை போனபோது ஒரே வரிசையாக இருந்தது. பெரிய சண்டை ஏதாவது நடந்து முடிந்திருக்கும் என்று நினைத்து, ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டேன்.

"ரெண்டு வரிசையில நின்னா பெரட்டுக்கு நேரமாவுதுங்க" என்றாள்.

மாலையில் வாசல் மூடிய பிறகு ஜனங்களுக்குப் போக இடமில்லை. வேலிக்குள் கொஞ்சம் அகலமாக இருந்தது கிணற்றைச் சுற்றியிருந்த முற்றம் மட்டும்தான். அங்கேதான் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களுக்கு டீ வேண்டியிருந்தது. அஞ்சலையின் மகன் தன் அறை வாசலில் அடுப்பு வைத்தான். எதிர் லயத்தில் ஒருவர் முடி வெட்ட ஆரம்பித்தார். ஒரு தையல் மெஷின் வந்தது. பிறகு ரேடியோ. பால்மாவும் சவுக்காரமும் விற்க ஒரு சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஓர் அறையைப் பிடித்தார். நான் எந்தப் பிளானிலும் கடைத்தெரு போடவில்லை. வாசல்கள் ஒன்றையொன்று பார்த்து இருந்தன, அவ்வளவுதான். ஆனாலும் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். வேலாயுதம் வீட்டார் அந்தக் கடையில் பல வருடம் டீ குடிக்கவில்லை. அவர் பேரனுக்குத் தொப்புள்கொடி அறுத்தது அஞ்சலைதான். அதற்குக் கூப்பிட மட்டும் யாரும் தயங்கவில்லை. முன்பு சைக்கிளில் இரண்டு மைல் போக வேண்டும், இப்போது சத்தம் போட்டால் போதும்.

எமர்ஜென்சி முடிந்தது. கம்பியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கனகசபை அதற்குள் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போயிருந்தார். அவர் மேசை எனக்கு வந்தது. மூங்கில் தோட்டத்தை இனி விரித்துக் கட்டலாம் என்று மானேஜர் கேட்க, கிழக்குப் பக்கம் மேட்டு நிலத்தில் தாராளமாக ஒரு பிளான் போட்டேன். லயத்துக்கு லயம் அறுபது அடி. அறைக்கு ஒரு காய்கறித் தோட்டம். இத்தனை வருடம் நெருக்கிக் கிடந்த ஜனங்கள் ஓடி வருவார்கள் என்று எனக்கு நிச்சயம்.

தோட்ட ஆபீஸ் வராந்தாவில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினோம். வேலாயுதம் ஒரு மனு கொண்டுவந்திருந்தார். மீசை நரைத்திருந்தது. மனு இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. ஊரின் நடுப்பகுதியில் ஜன நெருக்கம் மிகுதி என்றும், அது சுகாதாரத்துக்குக் கேடு என்றும், ஆகவே மூன்றாம் டிவிஷன் மக்களின் நலன் கருதி அவர்களை விசாலமான கிழக்குப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் இருந்தது. ஜன நெருக்கத்தைப் பற்றி என்னிடம் முதன்முதலாக வாதாடியவர் அவர்தான்.

"அப்ப நடுவுல இருக்கிற நாலு லயம்?" என்று கேட்டேன்.

"சும்மா விட முடியாதுங்களே," என்றார். "வேற வழியில்லாட்டி நாங்க வந்து இருந்துக்கறோம்."

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். முதல் டிவிஷன்காரர்களும்தான். அஞ்சலை சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"எங்க நலத்த நாங்க பாத்துக்கறோம் மண்டோர். கெழக்கால எடம் நெறைய கெடக்காம். நீங்க போங்க, காத்தோட்டமா இருக்கும்."

கிழக்கே போக யார் சம்மதம் என்று கேட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் சிலர், பக்கத்து அறையில் மாமியார் வேண்டாம் என்று, பிறகு வந்து தனியாகக் கேட்டார்கள். அறுபது அடிப் பிளானில் இரண்டு லயம் மட்டும் எழுந்தது. மற்றதெல்லாம் காகிதத்தில் நிற்கிறது. எழுத்து சுத்தமாக இருக்கும்.

கூட்டம் கலைந்ததும் அஞ்சலையின் மகன் கடையில் போய் உட்கார்ந்தேன். அவளும் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, நீங்க வர்றதுக்கு முந்தி, ஒங்கள அந்தச் சதுப்பு மூலையிலதான் நான் போட்டேன்."

"தெரியும்," என்றாள். "குச்சி அடிச்சிருந்தீங்களே. பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் என்னைய ஒன்னும் கேக்கல?"

"குச்சி அடிச்சவர்கிட்டயே போயிக் கேக்கறதா? பஸ்ஸப் புடிச்சிக் கோல சிலாங்கூரு போனேன். பெரிய ஐயாவப் பாத்தேன்."

 அன்று நான் தோட்டத்தில் இருந்திருப்பேன். என் ஃபீல்டு புக் அறையில் என் மேசை மேல் இருந்திருக்கும்.

"மழ பேஞ்சா அங்க மீனு புடிக்கலாம்னு சொன்னேன். அவரு எந்திரிச்சாரு. ஒரு மேசையில போயி ஒரு புத்தகத்த எடுத்துப் பொரட்டிப் பாத்தாரு. மூடி வெச்சிட்டாரு. ஒங்க பேர நான் சொல்லவே இல்ல. தண்ணி கேட்டேன், தம்ளர்லயே குடுத்தாரு. கெளம்பறப்ப என்னமோ சொன்னாரு. 'அந்தப் பெடியன் நல்லாக் கீறுவான். திருத்துவான், நீர் போம்'னு."

அவள் அவரைப் போலவே சொன்னாள். பிறகு, "பெடியன்னா என்னான்னு எனக்கு அப்பத் தெரியாது. பஸ்ஸுல ஒரு யாழ்ப்பாணத்தாரக் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன், பையனாம்" என்றாள்.

கனகசபைக்குக் கீழே பல வருடம் வேலை பார்த்தேன். நான் நன்றாக வரைகிறேன் என்று ஒருநாளும் அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் ஓர் ஊரையே தண்ணீரில் வைத்த நாளில், அந்த ஊர்க்காரியிடம் அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். 

"நான் திருத்தலன்னா என்னா செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"மறுபடியும் பஸ்ஸப் புடிச்சிருப்பேன்" என்றாள்.